கச்சேரிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்கழி சீசனில் ஒரு சபா வாசலில் தன்னார்வலராக நிற்பது எனக்குப் பழக்கம். டிக்கெட்டைப் பார்த்து இருக்கையைக் காட்டுவதுதான் வேலை. ஆனால் அதைவிட அதிகமாகச் செய்வது பதில் சொல்வது. புதிதாக வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பதும், பழைய ரசிகர்கள் கோபமாகக் கேட்பதும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். சென்னை சபாக்களில் நடக்கும் கர்நாடக இசைக் கச்சேரிகளை மனதில் வைத்துச் சொன்ன பதில்கள் இவை. கோயிலும் கல்யாணமும் தனியாகப் பின்னால் வருகின்றன.

எனக்கு சங்கீதம் ஒண்ணுமே தெரியாது. வரலாமா? ஏதாவது தப்பா பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு.

தாராளமாக வாருங்கள். அரங்கில் இருக்கும் எல்லாருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைக்க வேண்டாம். தெரிந்த மாதிரி தலையாட்டுகிறவர்கள் நிறைய உண்டு.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வந்தால் போதும். கச்சேரிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வர்ணம் என்கிற தொடக்கப் பாட்டு, பிறகு சின்னச் சின்னக் கீர்த்தனைகள், நடுவில் ஆலாபனை (சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள் இல்லாமல் ராகத்தை விரிப்பது), நிரவல் (ஒரே வரியை விதவிதமாகப் பாடுவது), கல்பனாஸ்வரம் (ஸ ரி க ம என்று அங்கேயே கற்பனை செய்து பாடுவது) எல்லாம் வைத்து விரிவாகப் பாடும் ‘மெயின்’, அதன் முடிவில் தாள வாத்தியக்காரர்களின் தனி ஆவர்த்தனம், அப்புறம் துக்கடாக்கள் என்கிற சின்ன, இலகுவான பாட்டுகள், கடைசியில் முடிவுப் பாட்டான மங்களம். சில நாள் ராகம் தானம் பல்லவியும் உண்டு, ஒரு ராகத்தையும் ஒரே ஒரு வரியையும் வைத்து நீளமாக விரிப்பது அது. இந்த அமைப்பைப் பிரபலப்படுத்தியவர் என்று பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். எப்போது எழுந்து போகலாம், எப்போது கைதட்டலாம் என்பதெல்லாம் இந்த வரிசையை ஒட்டியே அமையும்.

பட்டுப்புடவை, வேட்டிதான் கட்டணுமா? ஜீன்ஸ் போட்டுட்டு வந்தா முறைப்பாங்களா?

ஜீன்ஸ் போட்டவர்கள் வரிசைக்கு நாலு பேர் இருப்பார்கள். ஏசி அரங்கில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பதால் ஒரு சால்வை எடுத்து வந்தால் நல்லது. உடையைவிடக் கையில் இருப்பதுதான் எனக்குக் கவலை. கச்சேரிக்கு வரும் வழியில் பாண்டி பஜாரில் வாங்கிய பொருளெல்லாம் மொடமொட பிளாஸ்டிக் பையில் இருக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு, ஆலாபனை நடக்கும்போது பில்லைத் தேடுவார்கள். அந்தச் சத்தம் நாலு வரிசை தாண்டிக் கேட்கும்.

டிக்கெட் வாங்கலைன்னா உள்ள விடுவாங்களா? எங்க வேணும்னாலும் உட்காரலாமா?

பல சபாக்களில் மதியக் கச்சேரிகள் இலவசம். அவற்றில் பெரும்பாலும் இளம் கலைஞர்கள் பாடுவார்கள். புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கூட்டம் குறைவு, கச்சேரியும் சின்னது, பாடுகிறவருக்கும் நீங்கள் வந்ததில் உண்மையாகவே சந்தோஷம். மியூசிக் அகாடமி நடத்தும் காலை நேரச் செயல்முறை விளக்க உரைகளும் நல்ல வாசல்.

மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் உண்டு. முன்வரிசைகள் பெரும்பாலும் நன்கொடையாளருக்கும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும். காலியாகத் தெரிகிறதே என்று உட்கார்ந்தால் இரண்டாவது பாட்டில் எழுப்பிவிடுவார்கள், அது உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். கைக்குட்டை போட்டு நாலு இடம் பிடிக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நிற்கிற பாட்டிக்கு இடமில்லாதபோது உங்கள் கைக்குட்டை சொகுசாக உட்கார்ந்திருக்கக் கூடாது.

லேட்டாயிடுச்சு. பாட்டு நடக்கும்போது உள்ள போகலாமா? அவசரம்னா நடுவுல எழுந்து போறது?

இரண்டுக்கும் ஒரே பதில். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் இருக்கும் இடைவெளிதான் வாசல். அதுவரை கதவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஆலாபனை ஆரம்பித்துவிட்டால் கொஞ்சம் பொறுமை வேண்டும். பாடகர் கண்ணை மூடி ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது எதிரில் ஒருவர் குனிந்து நடந்து போனால், குனிந்ததால் மறைந்துவிட மாட்டார்.

கடைசி பஸ், மெட்ரோ என்று முன்னாலேயே தெரிந்தால் பின்வரிசையில் நடைபாதை ஓரமாக உட்காருங்கள். அப்படி உட்கார்ந்தவர் எப்போது போனாலும் யாரும் தவறாக நினைப்பதில்லை. இரண்டாவது வரிசை நடுவில் உட்கார்ந்துவிட்டு, எட்டரைக்கு எல்லாரையும் கால் மடக்க வைத்துப் போகிறவரைத்தான் மேடையில் இருப்பவரும் பார்க்கிறார்.

எப்ப கைதட்டணும்? எல்லாரும் தட்டும்போது தட்டறேன், ஆனா எதுக்குன்னு புரியலை.

பாட்டு முடிந்ததும் தட்டுவதில் சந்தேகமே இல்லை. நடுவில் தட்டும் இடங்கள்தான் குழப்பம். பாடகர் ஆலாபனையை முடித்ததும் ஒரு கைதட்டல். உடனே வயலின்காரர் அதே ராகத்தை வாசிப்பார், அவர் முடித்ததும் இன்னொன்று. இந்த இரண்டாவது கைதட்டல் பல நாள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பாடகர் இருபது நிமிஷம் எடுத்ததை ஆறேழு நிமிஷத்தில் சுருக்கி, அதிலும் தன் சொந்தக் கற்பனையைக் காட்டுவது எத்தனை கடினம் என்று வயலின் கற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கல்பனாஸ்வரத்தின் முடிவில் கோர்வை வரும். கணக்காகக் கட்டிய ஸ்வரக் கூட்டம் அது. பெரும்பாலும் மூன்று முறை திரும்ப வந்து, பாட்டு எடுக்கும் இடத்தில் டக்கென்று விழும். முதல் தடவையிலேயே தட்டத் தொடங்கினால் மிச்சம் இரண்டும் சத்தத்தில் போய்விடும். விழும் வரை காத்திருங்கள். எண்ணத் தெரியாவிட்டால் மிருதங்கக்காரரின் முகத்தைப் பாருங்கள், அவர் சிரித்தால் முடிந்தது என்று அர்த்தம்.

ஆலாபனையில் மேல் ஸட்ஜத்தை, அதாவது உச்சத்தில் வரும் ‘ஸ’வைத் தொட்டு, நீளமாகக் கார்வை கொடுத்து நிற்கும்போது தட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த இடத்தில் பாடகரின் குரலும் தம்புராவும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். கைதட்டினால் முதலில் காணாமல் போவது அந்தச் சேர்க்கைதான். ஆனால் தட்டுகிறவர்களும் சந்தோஷத்தில்தான் தட்டுகிறார்கள். அதற்காக அவர்களை முறைக்க வேண்டியதில்லை.

சிலர் ‘ஆஹா’, ‘சபாஷ்’, ‘பலே’ன்னு சத்தமா சொல்றாங்களே. அது மரியாதைக் குறைவு இல்லையா?

இல்லை. ஐரோப்பிய சிம்பொனி அரங்கில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் நடுவில் கைதட்டினாலே திரும்பிப் பார்ப்பார்கள். நம் ஊரில் எதிரே இருப்பவர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தால்தான் பாடகருக்குச் சந்தேகம் வரும். மேடையில் பக்கவாத்தியக்காரர்களே பாடகரைப் பார்த்து ‘ஆஹா’ என்பார்கள். நல்ல சங்கதி (ஒரு வரியை மாற்றிப் பாடும் விதம்) ஒன்று விழுந்த அந்தக் கணத்தில், தன்னையறியாமல், பாதிக் குரலில் வரும் ‘ச்’ கொட்டலுக்கு இருக்கும் மதிப்பு பெரிய கைதட்டலுக்குக் கிடையாது.

சந்தேகமாக இருந்தால் தலையை மட்டும் ஆட்டுங்கள். முன்வரிசையில் இருந்துகொண்டு, தான் ரசிப்பதைப் பின்வரிசைக்குத் தெரியப்படுத்த ‘பலே’ போடுகிறவரை எல்லாருக்கும் அடையாளம் தெரியும்.

தொடையில தாளம் போடலாமா?

போடலாம். சங்கீதம் தெரியாதவருக்கும் அதுதான் கச்சேரிக்குள் நுழைய எளிய வழி. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று, அப்புறம் ஒரு தட்டு ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு ஒரு வீச்சு. பாடகர் தன் தொடையில் போடுவதைப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். ரூபகம் என்றால் நடைமுறையில் இரண்டு தட்டு, ஒரு வீச்சு. மிச்ரசாபு ஏழு, கண்டசாபு ஐந்து.

ஆனால் மூன்று விஷயம் உண்டு. ஒன்று, சத்தம் வரக் கூடாது. மோதிரம் போட்ட கையால் நாற்காலியின் மரக் கைப்பிடியில் தட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு மிருதங்கம் கேட்கும். இரண்டு, பல பாட்டுகள் தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குவதில்லை. அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுப்பார்கள். பாட்டின் சொல் எங்கே தொடங்குகிறதோ அங்கே தட்டினால் நீங்கள் ஒரு தாளம், மேடை ஒரு தாளம். கண்ணைப் பாடகரின் கையில் வையுங்கள்.

மூன்றாவது, முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும். தப்பான தாளத்தைப் பெரிதாகக் கையை வீசிப் போட்டால் அது நேரே பாடகரின் கண்ணில் படும். சிக்கலான பல்லவி பாடிக்கொண்டிருக்கிறவருக்கு அதைவிடத் தொந்தரவு இல்லை. கணக்கு தவறிவிட்டது என்று தோன்றினால் கையை நிறுத்திவிட்டு, அடுத்த சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில் சேர்ந்துகொள்ளுங்கள்.

தெரிஞ்ச பாட்டு வந்தா கூடவே பாடிடறேன். மெதுவாத்தான். அது பரவாயில்லையா?

உங்களுக்கு மெதுவாக இருப்பது பக்கத்து இருக்கைக்கு மெதுவாக இல்லை. அதிலும் பாடகர் ஒரு சங்கதி போடுவார், நீங்கள் உங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்த சங்கதியைப் போடுவீர்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர் எதைக் கேட்பது? சபாவில் வேண்டாம்.

பாட ஆசையிருந்தால் அதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. நாமசங்கீர்த்தனத்தில், பஜனையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால்தான் தப்பு. திருவையாறில் தியாகராஜ ஆராதனை, புஷ்ய பகுள பஞ்சமி அன்று, பெரும்பாலும் ஜனவரியில் வரும். காவிரிக் கரையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் அமைந்த தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனை ஐந்தையும் பெரிய வித்வான்களும் பாட்டு கற்கும் பிள்ளைகளும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து பாடுவார்கள். அங்கே தொண்டை திறந்து பாடுங்கள்.

என்ன ராகம்னு பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்கலாமா?

பாட்டு முடிந்ததும் கேளுங்கள். சீசன் மாமிகளுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். ராகத்தோடு அவர்கள் அதைக் கேட்ட மற்ற கச்சேரிகளின் வரலாறும் கிடைக்கும். ஆலாபனை நடக்கும்போது கேட்பதுதான் கூடாது. அதிலும் தர்பாரா நாயகியா, பைரவியா மாஞ்சியா, ஆரபியா தேவகாந்தாரியா என்று இரண்டு பேர் வாக்குவாதம் தொடங்கிவிட்டால் சுற்றி இருக்கும் ஆறு பேருக்கு ஆலாபனை போச்சு. கையில் சின்ன நோட்டு வைத்திருந்தால் சந்தேகத்தை எழுதி வைத்துக்கொள்ளலாம். போனில் தேடுவது பற்றிக் கீழே வருகிறது.

தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் கூட்டமா எழுந்து போறாங்களே. அதுதான் இடைவேளையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் வெகுளியாகத்தான் கேட்டார். பார்க்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். பாடகர் கையைக் காட்டுவார், மிருதங்கம் தொடங்கும், வரிசை வரிசையாக நாற்காலி மடங்கும் சத்தம், கேண்டீனில் ரவா தோசைக்குக் கூட்டம். கர்நாடக இசைக் கச்சேரியில் இடைவேளை கிடையாது. ஒன்றரை மணி நேரமாக இன்னொருவருக்குப் பக்கத்துணையாக வாசித்த மிருதங்க வித்வானுக்கும், கடம், கஞ்சிரா, மோர்சிங் கலைஞர்களுக்கும் அன்று கிடைக்கும் ஒரே தனி நேரம் அது. அவர் வாசிக்க எடுக்கும்போது எதிரில் முதுகுகள் தெரிந்தால் எப்படி இருக்கும்?

பலர் போவதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, என்ன கேட்பது என்று தெரியாததுதான். எனவே கொஞ்சம் சொல்கிறேன். மேலே சொன்ன மாதிரி தாளத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். பாடகர் பாடாவிட்டாலும் கை மட்டும் போட்டுக்கொண்டே இருப்பார், அதைப் பாருங்கள். மிருதங்கம் ஒரு சுற்று வாசித்து ஒரு தீர்மானத்தோடு (மூன்று முறை திரும்ப வரும் சின்ன முடிப்பு) நிறுத்தும், பிறகு கடமோ கஞ்சிராவோ எடுக்கும். நடுவில் நடை மாறும். நாலு நாலாகப் போய்க்கொண்டிருந்தது மூன்று மூன்றாகவோ ஐந்து ஐந்தாகவோ மாறினால் காலே சொல்லிவிடும். அப்புறம் குறைப்பு. ஒருவர் வாசித்ததற்கு இன்னொருவர் பதில் சொல்வார், நீளம் பாதி, அதில் பாதி என்று சுருங்கிச் சுருங்கி, கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். பிறகு முடிவு நெருங்குவதைச் சொல்லும் மோரா, பிறகு பெரிய கோர்வை. அது மூன்றாம் முறை முடியும் புள்ளியில் பாடகர் பாட்டின் வரியை எடுப்பார். மேடையில் நாலு பேரும் அந்த ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்த்துவிட்டால் அடுத்த முறை தோசை தானாகக் காத்திருக்கும்.

ஒவ்வொருவர் சுற்று முடியும்போதும் கைதட்டலாம். கடைசிக் கோர்வைக்கு விதி முன்னால் சொன்னதுதான். அந்தக் கைதட்டலில் பாடகர் எடுத்த வரி மூழ்கினாலும் கவலையில்லை, அவர் இன்னொரு முறை பாடுவார்.

போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? எனக்குக் கேட்கத்தான், எங்கேயும் போட மாட்டேன்.

சபா வேண்டாம் என்று அறிவித்திருந்தால் வேண்டாம்தான். சட்டப்படியும் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில், பின்னால் வந்த திருத்தங்களோடு, அதற்கென்று பிரிவுகள் இருக்கின்றன. ‘எனக்காக’ எடுத்த பதிவு வாட்ஸப் குழுவுக்குப் போவதற்கு ஒரு ராத்திரி போதும். அன்று தொண்டை கட்டியிருந்த பாடகரின் ஒரு நிமிஷத் துண்டு ஊரெல்லாம் சுற்றுவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

பழைய ரசிகர் ஒருவர் இதற்கு எதிர்க்கேள்வி போட்டார். ஜி.என். பாலசுப்ரமணியம் (ஜி.என்.பி.), மதுரை மணி ஐயர் போன்ற அந்தக் காலப் பாடகர்களின் கச்சேரிகளை இன்றைக்குக் கேட்க முடிகிறதென்றால், அன்று ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பதிந்து வைத்ததுதானே காரணம் என்று. நியாயமான கேள்விதான். அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் நமக்குப் பெரிய நஷ்டம். ஆனால் அன்று ஓர் ஓரத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் ஓடியது, இன்று எதிரில் ஐம்பது திரை ஒளிர்கிறது. இன்றைய கச்சேரியைப் பதிந்து வைக்கச் சபாவும் கலைஞர்களும் இருக்கிறார்கள். உண்மையிலேயே வேண்டுமென்றால் கலைஞரைக் கேளுங்கள், சிலர் சரி என்பார்கள்.

திரை வெளிச்சம்தான் என் பெரிய குறை. ராகம் தேடுவது, சாகித்யம் பார்ப்பது, கேண்டீன் மெனு பார்ப்பது எல்லாமே இருட்டில் ஒரு டார்ச்தான். வைப்ரேஷனில் வைத்த போனும் மர நாற்காலியில் உறுமும். அணைத்து வையுங்கள்.

குழந்தையைக் கூட்டிட்டு வரலாமா?

வரலாம், வர வேண்டும். மதியக் கச்சேரிக்குக் கூட்டி வாருங்கள், கதவுப் பக்கமாக உட்காருங்கள், சிணுங்கத் தொடங்கியதுமே வெளியே தூக்கிப் போய்விடுங்கள். அழுகை பெரிதாகும் வரை ‘ஷ்ஷ்’ சொல்லிக்கொண்டிருப்பதுதான் தொந்தரவு. குழந்தை அழுவதைக் கேட்டுப் பாடகர் சிரித்துவிட்டுத் தொடர்ந்து பாடுவார். பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் குழந்தையைவிட அதிகச் சத்தமாக அதட்டாமல் இருந்தால் நல்லது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் மைக் இல்லாமல் சிறுவர்களே பாடும் மாதாந்திரக் கச்சேரி ஒன்று உண்டு. பிள்ளைகளைப் பழக்க அது அருமையான இடம்.

பிடிச்ச பாட்டைக் கேட்டு சீட்டு அனுப்பலாமா?

அனுப்பலாம், பாடியே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. துண்டுச்சீட்டில் பாட்டின் முதல் வரியையும் ராகத்தையும் தெளிவாக எழுதுங்கள். ஒரு சீட்டு, ஒரு பாட்டு. பாட்டு நடக்கும்போது மேடை ஓரம்வரை நீங்களே நடந்து போகாதீர்கள், எங்களைப் போன்ற தன்னார்வலரிடம் கொடுங்கள். துக்கடா நேரத்துக்கு ஏற்ற சின்னப் பாட்டாக இருந்தால் நடக்க வாய்ப்பு அதிகம். இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்கிற நேரத்தில் ‘தோடி ராகம் தானம் பல்லவி’ என்று எழுதி அனுப்புகிறவர் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

மைக் சரியில்லைன்னா எழுந்து சொல்லலாமா?

உங்கள் இடத்திலிருந்து கத்த வேண்டாம். எழுந்து பின்னால் வந்து எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் ஒலி அமைப்பாளரிடம் சொல்கிறோம். முதல் பாட்டு முடியும்வரை பொறுங்கள், வர்ணத்தின் போதுதான் அவர்களும் அளவு சரிசெய்வார்கள். பாடகர் விரலை மேலே காட்டுவது உங்களுக்கான சைகை இல்லை, தன் பக்கம் திரும்பியிருக்கும் ஒலிபெருக்கியில் (மானிட்டர்) தம்புராவின் சுருதியைக் கூட்டச் சொல்கிறார்.

உண்மையில் பல அரங்கில் குறை சத்தம் போதாமல் இருப்பதில்லை, அதிகமாக இருப்பதுதான். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்த காலம் உண்டு. அவர் எதைச் சொன்னார் என்பது, மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) நெஞ்சில் இடிக்கும் அரங்குகளில் உட்கார்ந்தால் புரியும். ‘குறையுங்கள்’ என்று சொல்ல வருகிறவர்களையும் நான் வரவேற்கிறேன்.

கல்யாணத்துல, கோயில்ல நாதஸ்வரம் வாசிக்கும்போது எப்படி நடந்துக்கணும்? அங்கேயும் பேசாம இருக்கணுமா?

கோயிலில் வாசிப்பது சாமிக்காக. புறப்பாட்டுக்கு கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்கிற ஊர்வல இசை எழும்போது நாம் நிற்கிறோம், நடக்கிறோம், கும்பிடுகிறோம். கைதட்டுவதற்கான இடம் அது இல்லை. வீதி முக்கில் சாமி நின்று, நாதஸ்வரக்காரர் ராகம் எடுத்து வாசித்தால் கொஞ்சம் விலகி வட்டமாக நின்று கேளுங்கள். தவில்காரர் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

கல்யாணத்தில் பேசாமல் இருங்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, சொந்தக்காரர்களைப் பார்க்கத்தானே போகிறோம். முகூர்த்தம் நெருங்கும்போது யாராவது ஆள்காட்டி விரலை ஆட்டுவார், வாசித்துக்கொண்டிருந்த ராகம் அந்த இடத்திலேயே அறுந்து கெட்டிமேளமாக மாறும். அதுவும் அந்தக் கலையில் ஒரு பகுதி. ஆனால் வரவேற்பில் ஒரு பெரிய வித்வானை அழைத்து மேடையேற்றிவிட்டு, அவர் எதிரே ஐஸ்கிரீம் வரிசையை நிறுத்துவது அழைத்தவரின் தவறு. விருந்தாளிகளாகிய நாம் செய்யக்கூடியது, முன்னால் நாலு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டாவது முழுதாகக் கேட்பது. சாப்பிடப் போகும்முன் மேடையோரம் போய் ‘நல்லா இருந்ததுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

நடுவுல கச்சேரியை நிறுத்தி பொன்னாடை, பேச்சுன்னு ஆரம்பிச்சிடறாங்க. அப்ப எழுந்து போயிடலாமா?

போங்கள். கை கால் நீட்டிவிட்டு வரலாம். சபா நிர்வாகிகளுக்கு என் மேல் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். சூடு பிடித்த கச்சேரியை நிறுத்தி நாலு பேர் பேசுவது ரசிகர் செய்யும் எந்தத் தப்பையும்விடப் பெரிய தப்பு. பாராட்டு முடிந்ததும் பாடகர் திரும்பச் சுருதி சேர்ப்பார். அப்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுங்கள். அரங்கம் கசகசவென்று இருந்தால் தம்புராவின் தந்தி அவர் காதுக்கே கேட்காது.

மங்களம் பாடும்போது எழுந்து கிளம்பலாமா? அது பாட்டு இல்லைதானே?

பாட்டுதான். சௌராஷ்டிர ராகத்திலோ மத்யமாவதியிலோ ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கார் பார்க்கிங்கில் முந்துவதற்காக அதை விடுகிறவர்கள் அங்கே அதைவிட நீண்ட நேரம் நிற்கிறார்கள். உட்கார்ந்து கேட்டுவிட்டு, முடிந்ததும் எழுந்து நின்று கைதட்ட விருப்பமிருந்தால் தட்டுங்கள். எழுந்து நின்று தட்டுவது நமக்குப் புதிய பழக்கம். எல்லாக் கச்சேரிக்கும் அப்படிச் செய்தால் அதற்கு மதிப்பிருக்காது.

முடிஞ்சதும் மேடைக்குப் போய்ப் பேசலாமா? என்ன பேசறது?

திரை விழுந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போங்கள். வியர்த்து, தொண்டை காய்ந்து, ஒரு வாய் வெந்நீர் குடிக்கும் நேரம் அது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு இடத்தைச் சொல்லுங்கள், ‘பிரமாதம்’ என்பதைவிட அது இனிக்கும். பாடகரைச் சுற்றி முப்பது பேர் நிற்கும்போது வயலினை உறையில் வைத்துக்கொண்டிருப்பவரிடமும், கடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருப்பவரிடமும் போய்ச் சொல்லுங்கள். ‘என் பெண்ணும் பாடுவாள், இப்போது ஒரு வர்ணம் கேளுங்கள்’ என்பது மட்டும் வேண்டாம். நடந்திருக்கிறது.

பாடகர் தாளம் தப்பிட்டார்னு தெரிஞ்சா என்ன பண்றது?

ஒன்றும் செய்ய வேண்டாம். முதலில், தப்பியது அவரா நீங்களா என்று பாருங்கள். எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம் பற்றி மேலே சொன்னது இங்கேதான் வேலை செய்யும். உண்மையிலேயே தப்பியிருந்தால் மேடையிலேயே அதைச் சரிசெய்துவிடுவார்கள். மிருதங்கக்காரர் சமத்தை அழுத்தி ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவார், வயலின் வரியைப் பிடித்துக் கொடுக்கும், பாடகர் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) விட்டு ஏறிக்கொள்வார். அது நடக்கும் விதத்தைக் கவனிப்பதே ஒரு பாடம். அந்த நேரத்தில் பக்கத்து ஆளின் முழங்கையை இடித்துச் சிரிப்பது, முன்வரிசையிலிருந்து ஓங்கித் தாளம் போட்டுக் காட்டுவது இரண்டும் அநாகரிகம்.

கச்சேரியே பிடிக்கவில்லை என்றால் பாட்டு முடிந்ததும் எழுந்து போங்கள். டிக்கெட் வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு. உட்கார்ந்துகொண்டே உச்சுக் கொட்டுவதற்கு இல்லை. விமர்சனம் எழுத வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய், நன்றாக இருந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

எனக்கு முன்னாடி ஒரு பெரியவர் சத்தமா தாளம் போட்டு, முணுமுணுன்னு பாடிக்கிட்டே இருக்கார். வயசுல மூத்தவர். எப்படிச் சொல்றது?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமானது. பாட்டு நடக்கும்போது தோளைத் தட்டாதீர்கள், திரும்பி ஒரு பெரிய உரையாடல் தொடங்கிவிடும். பாட்டு முடிந்ததும் குனிந்து, ‘மாமா, எனக்குக் கொஞ்சம் காது மந்தம், பாட்டு சரியாக விழ மாட்டேன் என்கிறது’ என்று குறையை உங்கள் மேல் போட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் உடனே புரிந்துகொண்டு அடங்கிவிடுவார்கள். அவர்களுக்குத் தாங்கள் பாடுவதே தெரிந்திருக்காது. ‘ஷ்ஷ்’ என்றால்தான் கோபம் வரும்.

அதற்கும் அடங்காவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் வந்து, ‘சார், அங்கே ஃபேன் காற்று நல்லா வரும்’ என்று வேறு இருக்கை காட்டுவோம். அவர் நன்கொடையாளராக இருந்து, அது அவருடைய இருக்கையாகவே இருந்தால் நகர வேண்டியது நீங்கள்தான். அதற்கு முன் அவர் கையை ஒரு ஆவர்த்தனம் பாருங்கள். சில பேர் முணுமுணுத்தாலும் தாளம் மட்டும் இம்மி பிசகாது. அப்படிப்பட்டவர் பின்னால் உட்கார்ந்து தனி ஆவர்த்தனம் கேட்க எனக்கு ஆசைதான், ஆனால் வாசல் வேலை இருக்கும்.